வாபஸ் வாங்கிய ஜெபம்

பேக்கரிக்கு மேலே உள்ள மாடி அறையில் கூடுகிற சபையார் அவருக்கு வைத்திருந்த பெயர் ‘நீள ஜெபம்’. பிழைப்புக்குப் பிளம்பர். நேரில் எல்லாரும் பிரதர் என்றுதான் கூப்பிடுவார்கள், பட்டப்பெயரெல்லாம் முதுகுக்குப் பின்னால்தான். அது அவருக்கும் தெரியும். தெரிந்தும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான். அவர் மனைவிக்குத்தான் பொறுக்காது.

“ஏங்க, நம்ம கஷ்டம் என்னன்னு ஆண்டவருக்குத் தெரியாதா? சுருக்கமா சொன்னா அவருக்குப் புரியாதா?”

“அவருக்குப் புரியும். கூட உட்கார்ந்து கேட்கறவங்களுக்கும் புரியணும் இல்ல?” என்பார் இவர்.

இந்தக் கதையின் வம்பு அத்தனையும் அந்த ஒரு பதிலில்தான் இருக்கிறது.

அவர் ஜெபிக்கிற விதமே தனி. கண்ணை மூடினாரோ இல்லையோ, மனசுக்குள் ஸ்பேனர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். தாம் குழாய் மாட்டிய வீடுகள், அடைப்பு எடுத்த வீடுகள், தொட்டி கழுவிய வீடுகள் எல்லாவற்றுக்கும் தெருத் தெருவாகப் போவார். ஒவ்வொரு வீட்டுப் படியிலும் நின்று அந்த வீட்டு ஆட்களுக்காகக் கேட்பார். முட்டி வலிக்காரருக்கு முட்டி, வேலை தேடுகிற பையனுக்கு வேலை, மோட்டாரை மாற்றித் தராத வீட்டுக்காரருக்கு நல்ல மனசு. ஒரு வீட்டையும் விட மாட்டார். குழந்தைகள் தூங்கி எழுந்துவிடும். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில்தான் பாவம் சனங்கள் ரொம்பத் திண்டாடிப் போவார்கள். காலையிலிருந்து வெறும் வயிறு. கீழே அடுப்பிலிருந்து எடுத்த பன் வாசனை படியேறி வரும். இவரோ அப்போதுதான் மூன்றாவது தெருவில் திரும்பிக்கொண்டிருப்பார். பேக்கரிக்கு மேலே உபவாசம் வைத்த புண்ணியவான் யாரோ!

ஆனால் கிண்டல் செய்கிறவர்களும் அவர் ஜெபத்தைத்தான் நாடி வந்தார்கள். வீட்டில் ஒரு கஷ்டம் என்றால், “பிரதர், எங்க வீட்டையும் கொஞ்சம் சேர்த்துக்கோங்க” என்று காதோடு சொல்லிவிட்டுப் போவார்கள். சும்மா சொல்லக்கூடாது, அவர் குரலில் தன் வீட்டைக் கேட்கிறபோது யாருக்குமே மனசு இளகிவிடும்.

அவர் அந்தச் சபைக்கு வந்ததே அப்படித்தான். வாலிபத்தில் சாமியும் இல்லை பூதமும் இல்லை என்று திரிந்தவர். மாடியில் குழாய் வெடித்துப் பேக்கரியின் மாவு மூட்டைகள் நனைகின்றன என்று ஒரு வெள்ளிக்கிழமை கூப்பிட்டார்கள். தொட்டிக்கடியில் மல்லாந்து படுத்து, மூஞ்சியெல்லாம் தண்ணீர் சொட்ட, வாய்க்குள் யாரையோ வைதபடி இவர் திருகிக்கொண்டிருந்தார். தடுப்புக்கு அந்தப் பக்கம் ஜெபம் நடந்துகொண்டிருந்தது. பேக்கரிக்காரர் மனைவி, “ஆண்டவரே, அந்தப் பக்கம் படுத்து வேலை செய்யற தம்பியோட கைக்கும் கண்ணுக்கும் ஒரு சேதமும் வராமக் காத்துக்கோங்க” என்றார். இவருக்குக் கை நின்றுவிட்டது. தனக்காக ஒரு மனுஷி இன்னொருவரிடம் பரிந்து பேசி அதுவரை அவர் கேட்டதே இல்லை. அடுத்த வாரம் குழாய் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற சாக்கில் வந்தார். அதற்கடுத்த வாரம் சாக்கே தேவைப்படவில்லை. வாய்க்குள் முணுமுணுப்பது ஜெபமே இல்லை, யாருக்காக ஜெபிக்கிறோமோ அவர் காதில் அது விழ வேண்டும் என்பது அன்றிலிருந்து அவருடைய கட்சி.

சபையில் ஒரு கண்ணாடிக்கடைப் பெண் உண்டு. மூக்குக் கண்ணாடிக்கு அளவெடுத்து, ஃபிரேம் மாட்டிக் கொடுக்கிற கடை, மேலேயே வீடு. தாய் தகப்பன் இல்லாதவள். கணவன் சரக்கு லாரி ஓட்டுகிறவன். போனால் எப்போது வருவான் என்று சொல்ல முடியாது, ஆகையால் சபையில் அவனைக் காணாவிட்டாலும் யாரும் ஏன் என்று கேட்டதில்லை. வந்தால் வாய் நிறையப் பேசுவான், எல்லாருக்கும் ஓடி ஓடி நாற்காலி எடுத்துப் போடுவான். தங்கமான மனுஷன் என்று பெயர்.

அந்த வீட்டில் குழாய் வேலை எல்லாம் நம் பிளம்பர்தான். வாஷ்பேசினை இரண்டு தடவை மாற்றிக் கொடுத்திருக்கிறார். இரண்டு தடவையும், “என்னம்மா பீங்கான் இது, வெறும் மண்ணாங்கட்டி! நான் சொல்ற கம்பெனியை வாங்கியிருந்தா உடைஞ்சிருக்குமா?” என்று பேசின் செய்தவனைத் திட்டித் தீர்த்தார். அவளும் சிரித்துக்கொண்டு தேநீர் கொடுத்தாள். அதோடு முடிந்தது.

இந்தத் தடவை பேசினில் அடைப்பு. வளைவுக் குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்துவிட்டு நிமிர்ந்தவர் கண்ணாடி அலமாரியைப் பார்த்தார். ஒரே ஒரு பல் பிரஷ். சவரச் சாமான் ஒன்றுமில்லை. கொடியில் ஆண்பிள்ளைத் துணி ஒன்றுகூட இல்லை.

“மாப்பிள்ளை எங்கம்மா?”

அவள் துண்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். “இங்க இல்லை அண்ணா. யார்கிட்டயும் சொல்லாதீங்க.”

“சேச்சே! நான் எதுக்கும்மா சொல்லப் போறேன்?”

வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான். வீட்டில் மனைவியிடம்கூட மூச்சு விடவில்லை. மனசு மட்டும் அடித்துக்கொண்டது. பாவி, இப்படிப்பட்ட பிள்ளையை விட்டுவிட்டு ஓடிப்போக அவனுக்கு எப்படி மனசு வந்தது? சோற்றில் கை வைத்தால் அந்தக் காலியான கொடிதான் கண்ணுக்குள் வந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. அன்றைக்குக் கடையை அடைக்க முடியாமல் அவள் ஜெபத்துக்கு வரவில்லை. இவர் கண்ணை மூடினார், பையை மாட்டினார், கிளம்பினார். நான்கைந்து வீடு தாண்டிக் கண்ணாடிக்கடை வாசலுக்கு வந்தார். யாரிடமும் சொல்லாதே என்றாள், சரி. ஆண்டவரை அந்த ‘யாரிடமும்’ கணக்கில் சேர்க்கலாமா? அவரிடம்கூடச் சொல்லாமல் பின்னே யாரிடம் சொல்வது? நியாயம்தான். தாம் ஆண்டவரிடம் பேசுவது தெருமுனை வரைக்கும் கேட்கும் என்பது மட்டும் அந்த நேரத்தில் அவருக்கு ஞாபகம் வரவில்லை.

“ஆண்டவரே, கண்ணாடிக்கடைக்கு மேல இருக்கற அந்த வீட்டைப் பாருங்க. புருஷன் விட்டுட்டுப் போய், அந்தப் பிள்ளை வெளிய சொல்ல முடியாம தனியாத் தவிக்குது. போனவர் எங்க இருந்தாலும் அவர் மனசைத் திருப்பி, வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க ஆண்டவரே!”

ஆமென் என்று அறையே அதிர்ந்தது. அத்தனை பெரிய ஆமென் அவர் ஜெபத்துக்கு அதுவரை கிடைத்ததில்லை. அது அடங்கியபிறகுதான் அவருக்கு உறைத்தது. கண்ணைத் திறந்தார். மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னங்க இது, அந்தப் பொண்ணு சொல்லச் சொல்லிச்சா?”

அவர் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

மறுநாளிலிருந்து கண் நன்றாகத் தெரிகிறவர்கள் எல்லாம் கண்ணாடிக்கடைக்கு வர ஆரம்பித்தார்கள். கேக் கொண்டு வந்தார்கள், சூப் கொண்டு வந்தார்கள், ஒன்றுமே இல்லாதவர்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். “நாங்க பாரம் எடுத்து ஜெபிக்கிறோம் சிஸ்டர், கட்டாயம் வருவாரு” என்றார்கள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்தபோது முகத்தில் ஈயாடவில்லை. “ஸ்தோத்திரம்” என்று மட்டும் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தாள்.

“போய் மன்னிப்புக் கேளுங்க” என்றாள் பிளம்பர் மனைவி. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டார். கண்ணாடிக்கடை இருக்கிற பக்கமாக வேலை வந்தால் எதிர்ச்சாரியில் தலையைக் குனிந்துகொண்டு போனார்.

போதகரோ சும்மா இருக்கிறவர் இல்லை. நல்ல மனுஷர், ஒருவர் அழுதால் தானும் அழுதுவிடுவார். லாரிக் கம்பெனியில் விசாரித்து, அந்தக் கணவன் இன்னொரு ஊர் ஷெட்டில் தங்கியிருப்பதைக் கண்டுபிடித்து, பஸ் ஏறி நேரிலேயே போய்விட்டார். அவன் போதகர் காலைப் பிடித்துக்கொண்டு குமுறிக் குமுறி அழுதானாம். “என்னைச் சேர்த்து வெச்சிடுங்க ஐயா” என்றானாம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எல்லார் முன்னிலையிலும் அவர்களைச் சேர்த்துவைப்பது என்று முடிவாயிற்று. இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டும் என்று அவளிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை.

பிளம்பர் காதுக்கு இது சனிக்கிழமை எட்டியது. அவருக்குத் தலைகால் புரியவில்லை. கேட்டது கிடைத்துவிட்டதே! இனி மன்னிப்புக் கேட்கப் போனால்கூட வெறுங்கையோடு போக வேண்டாம், நல்ல செய்தியோடு போகலாம். நேராகக் கண்ணாடிக்கடைக்குள் நுழைந்தார்.

அவள் ஒரு பெரியவரின் கண்ணாடியை விளக்கடியில் வைத்து, ஊசி போன்ற திருப்புளியால் காதுக் கம்பியை முடுக்கிக்கொண்டிருந்தாள். பெரியவர் மாட்டிப் பார்த்துவிட்டுப் போகும்வரை இவர் சுவரில் இருந்த எழுத்து அட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“உட்காருங்க அண்ணா.”

“தங்கச்சி, அன்னைக்கு நான் பண்ணினது தப்புதான். வாய் தவறிடுச்சு. மன்னிச்சிடும்மா. ஆனா பாரு, ஆண்டவர் அதையும் நன்மையா முடிச்சுட்டாரு! நாளைக்கு மாப்பிள்ளை வர்றாரு. ஐயாவே கூட்டிட்டு வர்றாரு.”

அவள் உட்கார்ந்துவிட்டாள். கையிலிருந்த திருப்புளி நாற்காலிக்கடியில் உருண்டது.

“அவர் என்னை விட்டுட்டுப் போனார்னு உங்களுக்கு யார் அண்ணா சொன்னா?”

“நீதானேம்மா...”

“இங்க இல்லைன்னு சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன்.” அவள் குரல் உயரவில்லை. “அவர் போகலை. நான்தான் அனுப்பினேன். லோடு ஏத்திட்டுப் போன அன்னைக்குக் கதவுப் பூட்டை மாத்தினேன். திரும்பி வந்து நின்னப்போ திறக்கலை. எங்க வீட்டு பேசினை ரெண்டு தடவை மாத்திக் கொடுத்தீங்களே, எது பட்டு உடைஞ்சுதுன்னு நினைச்சீங்க? முதல் தடவை என் தோள். ரெண்டாவது தடவை இது.”

வகிட்டுக்குப் பக்கத்தில் முடியை ஒதுக்கிக் காட்டினாள். தையல் போட்ட தழும்பு விரல் நீளத்துக்கு ஓடியது.

பிளம்பர் அந்தத் தழும்பையே பார்த்தார். பேசின் செய்தவனைத் திட்டினாரே, கம்பெனி பெயர் எல்லாம் சொன்னாரே, அந்தத் தழும்பு பச்சைப் புண்ணாக இருந்த தலைக்கு எதிரே உட்கார்ந்து தேநீர் குடித்தாரே! தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

“இப்பவே ஐயாகிட்ட போய்ச் சொல்றேன்” என்று எழுந்தார்.

“வேண்டாம்!” அவளும் எழுந்துவிட்டாள். “இன்னொரு தடவை என் விஷயம் உங்க வாயில வரக்கூடாது அண்ணா. என்கிட்ட கேட்காம ஒரு தடவை சொன்னீங்க, போதும்.”

“அப்ப நாளைக்கு வராம இருந்துடும்மா.”

“வராம எங்க போறது? எனக்குப் பிறந்த வீடுன்னு ஒண்ணு இருந்தா அது அந்த மாடி ரூம்தான். நாளைக்கு வரலைன்னா இனி எந்த முகத்தோட அங்க வர முடியும்? வந்தா, நீங்க எல்லாரும் சேர்ந்து அவரை என் கையில புடிச்சுக் கொடுத்துடுவீங்க. பாசமா கொடுப்பீங்க. அழுதுக்கிட்டே கொடுப்பீங்க. ஊரே எனக்காகச் சோறு தண்ணி இல்லாம ஜெபம் பண்ணியிருக்கு. நான் எப்படி அண்ணா மாட்டேன்னு சொல்றது?”

அவர் குனிந்து திருப்புளியை எடுத்து மேசைமேல் வைத்தார். வந்த வழியே திரும்பினார். போதகர் வீட்டு வாசல் வரைக்கும் போய், கேட்டில் கை வைத்து, கையை எடுத்துக்கொண்டு நடந்தார். வீட்டில் சாப்பாட்டைத் தள்ளிவைத்தார். “உடம்புக்கு என்னங்க?” என்று மனைவி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். ஒன்றுமில்லை என்றார். ஜெபிக்கலாம் என்று கண்ணை மூடினால் ஒரு வீட்டுப் படியும் ஏற முடியவில்லை. அடுத்தவர் வீட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைந்தவனைப் போலக் கூச்சமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாடி அறை நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் கணவன் உட்கார்ந்திருந்தான். புதுச் சட்டை, படிய வாரிய தலை, சிவந்த கண். பக்கத்தில் ஒரு நாற்காலியைக் காலியாக வைத்திருந்தார்கள். அவள் வந்தாள். வாசலிலேயே நின்றாள். பெண்கள் இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் அவள் தோளை அணைத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே அந்த நாற்காலிக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்தார்கள். அவள் அழவில்லை. மடியில் கையை வைத்துத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தோஷத்தில் வாயடைத்துப் போயிருக்கிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

போதகர் எழுந்தார். “இது யார் ஏறெடுத்த ஜெபம்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். அந்தப் பிரதரே வந்து நன்றி ஜெபம் பண்ணட்டும். இன்னைக்கு எவ்வளவு நீளமா பண்ணினாலும் யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம்!”

எல்லாரும் சிரித்தார்கள். பிளம்பர் முன்னால் போனார். அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். சொல்லிவிடுவாரோ என்ற பயம் அந்தப் பார்வையில் அப்பட்டமாகத் தெரிந்தது. சொன்னால் அவள் மானம் போகும். சொல்லாவிட்டால் அவள் உயிருக்கு யார் உத்தரவாதம்? அவள் விஷயத்தைச் சொல்ல இவருக்கு உரிமை இல்லை. இவருடையது என்று அந்த அறையில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, இவர் பண்ணிய ஜெபம். அது தோன்றியபிறகுதான் அவர் கண்ணை மூடினார்.

“ஆண்டவரே, இந்த ரூம்ல நின்னு நான் உங்ககிட்ட ஒண்ணு கேட்டேன். யாரும் என்னைக் கேட்கச் சொல்லலை. யாருக்கு என்ன வேணும்னு விசாரிக்காம, எல்லாம் தெரிஞ்ச மாதிரி கேட்டுட்டேன். நான் கேட்டது தப்பு. அதை வாபஸ் வாங்கிக்கிறேன். இவங்க எல்லாரும் என் பேச்சை நம்பித்தான் ஆமென் சொன்னாங்க. என்னை மன்னியுங்க.”

திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்துவிட்டார்.

ஜெபத்தை வாபஸ் வாங்கி அங்கே யாரும் கேள்விப்பட்டதே இல்லை. கீழே யாரோ தட்டுகளை அடுக்குகிற ஓசை மட்டும் கேட்டது. கணவன் போதகரைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தான். “பிரதருக்கு என்ன ஆச்சு ஐயா?” என்றான்.

போதகர் அவனைப் பார்க்கவில்லை. பிளம்பரைப் பார்த்தார், அப்புறம் அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவள் முகத்தை அன்றைக்கு அவர் நன்றாகப் பார்த்தது அப்போதுதான். மெதுவாக அவள் முன்னால் போய் நின்றார்.

“அம்மா, நாங்க யாரும் உன்கிட்ட கேட்கவே இல்லை. உனக்கு என்ன வேணும்?”

அவள் எழுந்து நின்றாள். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

“இவர் என் வீட்டுக்கு வரக்கூடாது ஐயா.”

“ஐயா, இது புருஷன் பொண்டாட்டி விஷயம்” என்று கணவன் துள்ளி எழுந்தான்.

“நீங்க கொஞ்சம் பேசாம இருங்க” என்றார் போதகர். அவர் அப்படிக் கடுமையாகப் பேசி யாரும் கேட்டதில்லை. அவளிடம் திரும்பினார். “ஏன்னு நான் கேட்க மாட்டேன்மா. சொல்லணும்னு உனக்கு எப்போ தோணுதோ, அப்போ சொல்லு. சொல்லாமலே இருந்தாலும் சரி.” பிறகு தலையைக் குனிந்தார். “ஆண்டவரே, அந்த ஜெபத்துக்கு நானும் ஆமென் சொன்னேன். பஸ் ஏறியும் போனேன். நானும் வாபஸ் வாங்கிக்கிறேன்.”

“நானும்தான்” என்றார் பேக்கரிக்காரர் மனைவி. உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார்.

“நானும்” என்றாள் பிளம்பர் மனைவி. அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள் சொன்னாள். பின்வரிசைக் கிழவர் ஒருவர், காது மந்தம், என்ன ஏது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, “அப்ப என்னுதையும் எடுத்துக்கோங்க” என்றார். யாரும் சிரிக்கவில்லை. வரிசை வரிசையாக அந்த ஒற்றைச் சொல் வந்துகொண்டே இருந்தது, சிலர் அழுதுகொண்டு, சிலர் வெட்கத்தில் வாய்க்குள்ளேயே.

கணவன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். தன் பக்கம் பேச ஒருவராவது உண்டா என்று தேடினான். அப்புறம் விறுவிறுவென்று படியிறங்கினான். அவன் கண்ணாடிக்கடைப் பக்கம் திரும்பாமல் பஸ் ஏறுகிறானா என்று பார்க்கப் பேக்கரிக்காரரும் இன்னும் இரண்டு ஆண்களும் பின்னாலேயே இறங்கிப் போனார்கள்.

அவள் நின்றுகொண்டே இருந்தாள். பிளம்பர் மனைவி போய் அவளை உட்காரவைக்கப் பார்த்தாள். அவள் தலையை ஆட்டி மறுத்துவிட்டுக் கண்ணை மூடினாள். சபையில் அவள் வாய் திறந்து ஜெபித்ததே இல்லை. எல்லாரும் தலையைக் குனிந்தார்கள்.

“ஆண்டவரே,” என்றாள். அதற்குமேல் வரவில்லை. அழுது தீர்த்துவிட்டு மறுபடி தொடங்கினாள்.

“ஆண்டவரே, இன்னைக்குத்தான் இவங்க எனக்காக ஜெபம் பண்ணினாங்க.”